துணிக்கொடியில் மீன் கவர்கள்

எங்கள் வீட்டில் போதுமான குப்பை இல்லை என்பது ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அந்த ஜூன் மாதம், கேரளப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளி திறந்ததும் டீச்சர் ஒரு போட்டி அறிவித்தார். வீட்டில் சேரும் பிளாஸ்டிக் கவர்களைக் கண்ட இடத்தில் எறியாமல், கழுவி உலர்த்திக் கட்டாகக் கட்டி வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுவர வேண்டும். மாதக் கடைசியில் அதிகம் சேர்த்திருப்பவருக்கு முதல் பரிசு. பரிசு கொடுக்கப் பஞ்சாயத்திலிருந்து ஹெல்த் இன்ஸ்பெக்டரே வருவார். மண்ணைப் பற்றியும் கடலைப் பற்றியும் டீச்சர் அதற்கு முன் அரைமணி நேரம் பேசியிருந்தார். என் காதில் ஏறியது பரிசு மட்டும்தான்.

ஆனால் கவருக்கு எங்கே போவது? அம்மா கடைக்குப் போனால் வயர்கூடையும் கூடப் போகும். எண்ணெய்க்குத் தூக்குப்பாத்திரம், பாலுக்குச் செம்பு. இதில் கொள்கை ஒன்றும் கிடையாது, அம்மாவுக்கு அப்படியே பழகிவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை வீடு முழுக்கத் துழாவி மூன்று கவர் கொண்டுபோனேன். அதில் ஒன்றில் அப்பாவின் எக்ஸ்ரே இருந்தது. எக்ஸ்ரேயைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன். எங்கள் வகுப்பிலிருந்த பேக்கரிக்காரர் மகன் ஒரு சாக்கையே இழுத்துக்கொண்டு வந்தான். டீச்சர் அவன் தோளில் தட்டிவிட்டு என் மூன்றையும் பார்த்து, "இத்ரயே உள்ளோ?" என்று மலையாளத்தில் கேட்டார். இவ்வளவுதானா என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பரிசு என் அம்மாவுக்குப் போயிருக்க வேண்டியது. டீச்சருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு முந்திரிப்பருப்பு ஆலையில் வேலை. நான் பள்ளிவிட்டு வந்து ஒரு மணிநேரம் கழித்துத்தான் வருவாள். அந்த இடைவெளியில் மீன் மாமி வருவாள். பொழியூரிலிருந்து பஸ்ஸில் வந்து, முதலில் ஜங்ஷனில் கூடையை இறக்கி விற்றுவிட்டு, மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிறவள். பெயர் என்னவென்று நாங்கள் கேட்டதில்லை. அந்த வருடம் கடல் ஏறி அவள் வீட்டு அடுக்களையைக் கொண்டுபோயிருந்தது. பிள்ளைகளோடு அக்காள் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். அம்மா மதிலில் ஒரு சட்டி வைத்துவிட்டுப் போவாள், மாமி மீனை அதில் போட்டு மூடிவிட்டுப் போவாள். சட்டி இல்லாத வீடுகளில் வேலியோரம் நிற்கும் 'வட்ட' என்கிற மரத்தின் அகல இலையில் பொதிந்து கொடுப்பாள்.

திங்கட்கிழமை நான் சட்டியை எடுத்து விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

"சட்டி எங்க மக்கா?"

"பொட்டிப்போச்சு மாமி. கவறில தாருங்க."

"எனக்கெங்க கவறு? எலையில பொதிஞ்சு தாறேன்."

"எல வேண்டாம். ஜங்ஷன் கடையில எல்லாம் கவறிலயாக்கும் குடுக்காங்க."

மாமி கூடையை மதிலில் இறக்கினாள். "அப்பம் அம்ம இனி அங்கதான் மீன் வாங்குவாளாமா?" என்று கேட்டாள். அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் அவள் இடுப்பில் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டுக் கவர் செருகியிருந்தது. எங்களுக்கு மட்டும் கொடுத்தால் மற்ற வீட்டார் சும்மா இருப்பார்களா? ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்கக் கவர் மீன் ஆகிவிட்டது. நான் வீடு வீடாகப் போய் மீனைச் சட்டிக்கு மாற்றிக் கொடுத்துக் கவரை வாங்கி வந்தேன். கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துணிக்கொடியில் வரிசையாகக் கிளிப் மாட்டிக் காயவைத்தேன். தெருப் பூனைகள் எல்லாம் அதன் கீழே வந்து உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும். மாமி எல்லாருக்கும் கவர் கொடுக்கத் தொடங்கிவிட்டாள் என்று நான் சொன்னபோது அம்மா, "இவளுக்கு எதுக்கு இந்த வேண்டாத்த பணி?" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் மகள் பொறுப்பாகக் கழுவுகிறாளே என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

மாதக் கடைசியில் பேக்கரிக்காரர் மகனை நான் முந்திவிட்டேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் மேடையில் என்னை "மிடுக்கி" என்று, அதாவது கெட்டிக்காரி என்று பாராட்டி, லாமினேட் செய்த சான்றிதழும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வைத்த ஒரு மாங்கன்றும் கொடுத்தார். ஒரு கையில் அது, ஒரு கையில் இது. மனம் நிறைந்துபோய் வீட்டுக்கு நடந்தேன்.

ஜங்ஷனில் கூட்டமாக இருந்தது. பஞ்சாயத்து ஜீப் நின்றது. சற்று முன் எனக்குப் பரிசு கொடுத்த அதே அதிகாரி மாமியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தடை செய்த மெல்லிய கவர் என்று கூடையிலிருந்த ரோஸ் கட்டை ஜீப்பில் போட்டாயிற்று. அபராதச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். இனி ஒருதரம் பிடித்தால் ஜங்ஷனில் கூடை இறக்க விடமாட்டோம் என்றார் அவர். அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மாமி கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இனி இல்ல சாறே, இனி இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. இதோ இவள்தான் கேட்டாள் என்று கை நீட்டுவாளோ என்று பயந்தேன். மாங்கன்றால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுத்து நாலைந்து நாள் மாமி வரவில்லை. அம்மா ஜங்ஷன் கடையில் மீன் வாங்கி வந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம்தான் காரணம். மாமி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் சான்றிதழைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். வராமல் போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மா வீட்டில் இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆருக்க பேச்சக் கேட்டு அந்தக் கவறு வாங்கின? இத்தன காலம் சட்டியிலயும் எலையிலயும்தானே தந்த?" என்று அம்மா கேட்டாள்.

"ஆரும் சொல்லல்ல. எனக்கே தோணிச்சு, வாங்கினேன்" என்றாள் மாமி. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "மக்கா, ஒனக்கு ஒண்ணாம் சம்மானம் உண்டுமே, எங்க காட்டு" என்றாள். கையை முண்டில் துடைத்துவிட்டு, ஈரம் படாமல் சான்றிதழின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமி மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எந்த வீட்டில் சாளை தொடமாட்டார்கள், எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணவாய் சேராது, போன ஓணத்தின்போது யார் எந்த மீனைக் குறை சொன்னார்கள் என்பதெல்லாம் தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறவள், நான் கேட்ட அந்த ஒன்றை மட்டும் எப்படி மறப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை, மறந்துவிட்டாள் என்று சந்தோஷமாக விளையாடப் போய்விட்டேன்.