சமையற்கட்டில் குடம் இருந்த இடம்

மருத்துவிச்சிப் படிப்பை முடித்து, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு கண்டிக்கு வந்து அம்மாவோடு இருப்பேன். அப்படி வந்த ஒரு நாள், சாப்பிடும்போது, தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னேன். பிழைக்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தாய் வேதக்காரி. ஆள் அனுப்பினாலும் சுவாமியார் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அடுப்படியில் இருந்த செம்பை எடுத்து, குழந்தையின் தலையில் நானே தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன். உயிர் போகிற ஆபத்தில் யார் கொடுத்தாலும் செல்லும். மடத்துக் கன்னியர் எங்களுக்குக் கற்றுத் தந்த பாடம் அது. அன்று பகலே குழந்தை இறந்தது. சேமக்காலையில், மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

அம்மா மீதிச் சோற்றைத் தொடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "என்ன அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ புள்ள," என்றாள்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. வாவிக்கு மேலே, மலைச்சரிவில், கோப்பிக் காலத்துத் துரை ஒருவர் கட்டிய வீடு. ஒரு காலத்தில் அப்பா அங்கே சமையற்காரர். அம்மா அவருக்குக் கையுதவி. எனக்கு முன்னால் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை அந்தச் சமையற்கட்டிலேயே பிறந்தது. விடிந்தபோது பிறந்தவன் மத்தியானம் இல்லை. சுவாமியாருக்கு ஆள் போயிற்று; அவர் கலகெதரவுக்குப் பூசைக்குப் போயிருந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குச் சேமக்காலையில் இடம் இல்லை. துரைசாணி இரங்கி, பின்தோட்டத்து ஜம்பு மரத்தடியில் புதைத்துக்கொள்ளச் சொன்னாள். நாய் தோண்டிவிடாமல் இருக்க, தேய்ந்து ஒரு முனை உடைந்துபோன அம்மிக் குழவி ஒன்றை அப்பா அங்கே பாதி புதைத்து வைத்தார். அதுதான் அடையாளம்.

பிறகு துரை குடும்பம் சீமைக்குப் போயிற்று, வீடு பூட்டிக் கிடந்தது, அப்பாவும் இறந்தார். இப்போது ஊரின் சரித்திரச் சங்கத்தார் அந்த வீட்டை எடுத்து, பழைய சாமான்களை அடுக்கி, எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்திருந்தார்கள். அம்மாவின் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அது முழுதாக மூடுவதற்குள் ஒரு தடவை அந்த மரத்தடியில் நிற்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

காவலுக்கு இருந்தவர் கெலிஓயாப் பக்கத்து முஸ்லிம். தொப்பி போட்டு, சாரம் கட்டிய, பேச்சுத் துணைக்கு ஏங்கிய மனிதர்.

"வாங்க, வாங்க. கால நல்லாத் தொடைச்சிட்டு வாங்க, தரைக்கு மெழுகு போட்டீக்கி. ஒண்டையும் தொட வாணாம். சங்கத்து ஐயாமார் கண்டா என்னயும் அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டிடுவாங்க."

முன்வாசல் வழியாக அம்மா அந்த வீட்டுக்குள் போனது அன்றுதான் முதல் தடவை. பார்த்ததை வரிசையாக மனதில் குறித்துக்கொள்வது என் தொழில் தந்த பழக்கம். மான்கொம்பு, பித்தளை விளக்கு, துப்பாக்கி, படிக்கும் மேசை. அம்மா கூடத்துக் கதிரை ஒன்றின் முன் நின்றாள்.

"இதுல இருக்கலாமா நானா?"

"ஏலாது. கயிறு கட்டீக்கி, பாருங்க."

"அப்ப கயிறு இல்ல. ஆனாலும் இருக்க முடியாது," என்று அம்மா சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பின்கதவுக்குப் போகச் சமையற்கட்டைத் தாண்ட வேண்டும். மூலையில் பழைய அம்மி. அதன் மேல் ஒரு குழவி. அம்மா கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டிக் குழவியைத் தடவினாள். காவலர் வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் விரல்கள் அதன் ஒரு முனைக்குப் போய், உடைந்திருந்த இடத்தில் நின்றன.

"இது எப்புடி உள்ள வந்துச்சு?"

"அதச் செல்லத்தான் வேணும்," என்றார் அவர் பெருமையாக. "அம்மி ஈந்திச்சி, குழவி இல்ல. ஐயாமார் தேடாத எடமில்ல. கடைசீல, பின்னால ஜம்பு மரத்த வெட்டி நெலத்தச் சமப்படுத்தக்குள்ள மம்பட்டியில பட்டிச்சி. பெரிய ஐயா தன்ட கையாலயே கழுவி வெச்சார். ஜோடி சேந்திட்டுதாம்."

"கீழ வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

"என்ன ஈக்கும்? மண்ணும் வேரும்தான்."

நான் பின்கதவைத் திறந்தேன். மதில்வரைக்கும் ஒரே பச்சைப் புல். மரத்தின் அடிக்கட்டைகூட இல்லை. கிணற்றையும் மூடியிருந்தார்கள். இங்கேதான் என்று கை நீட்டிக் காட்ட ஒரு பொருளும் மிஞ்சவில்லை.

"மரம் தெரியுதா புள்ள?"

"மரம் இல்லம்மா."

அவள் வெளியே வரவில்லை. திரும்பி, சமையற்கட்டின் நடுவில் நின்று, கையால் துழாவுவதுபோல ஒவ்வோர் இடமாகக் காட்டினாள். "அம்மி இங்க. அடுப்பு அங்க. என் பாய் இங்க விரிச்சிருந்துச்சு." பிறகு இரண்டடி தள்ளி, சங்கத்தார் பூந்தொட்டி வைத்திருந்த மூலைக்குப் போனாள். "குடம் இங்க. படுத்தபடியே கைய நீட்டினா எட்டும்."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ ஊத்துனியே, அது என்ன தண்ணி? மந்திரிச்சதா?"

பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் தாய்மாரிடம் சில சமயம் சொல்வதுண்டு. ஆனால் அடுப்படிச் செம்புத் தண்ணீர் என்று அவளுக்கு நானேதான் சொல்லியிருந்தேன், சாப்பாட்டுக்கு நடுவில், பெருமையாக.

"சாதாரணத் தண்ணிதாம்மா."

"ம்," என்றாள். "குடம் நெறைய இருந்துச்சு. ஒங்கப்பா காலையிலதான் எடுத்து வச்சாரு. நாங்க எல்லாரும் சாமியார் வர்ற பாதையையே பாத்துக்கிட்டு இருந்தோம்."

காவலர் ஏதோ புரிந்தவராகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூடத்துப் பக்கம் போய்விட்டார்.

அம்மா முன்வாசலுக்குத் திரும்பவில்லை. பழைய பழக்கமோ என்னவோ, பின்கதவு வழியாகவே இறங்கினாள். படலை வாசலுக்குப் போகப் புல்லைக் குறுக்கே கடந்தால் போதும். அவள் கடக்கவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடும் ஓரத்துச் சீமெந்துக் கானின் விளிம்பிலேயே, அடிமேல் அடி வைத்துச் சுற்றி நடந்தாள். நானும் புல்லை மிதிக்காமல் அவள் பின்னாலேயே போனேன்.