நிலக்ஷியின் தலையில் ஆத்தாவின் பங்கு

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆத்தா சடை விழுந்திருக்கிறதாம். பிள்ளை குறி சொல்கிறதாம். காணாமல் போன பசு மாட்டை, நிற்கிற இடம் சொல்லிப் பிடித்துக் கொடுத்ததாம்.

ஹட்டன் சலூனில், என் காதருகே கத்தரிக்கோலை நிறுத்திவைத்துக்கொண்டு முடிதிருத்துபவர் சொன்ன செய்தி இது. மரக்கறிக் கடைக்கு நான் வந்து சேர்ந்தபோது மாடு இரண்டாகியிருந்தது. ரயில் நிலையத்தில் அதில் ஒன்று கன்றும் போட்டிருந்தது. இனியும் தாமதித்தால் பால் பண்ணையே வைத்துவிடுவார்கள் என்று பயந்து, பத்திரிகை நிருபனான நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வட்டகொடைக்கு டிக்கட் எடுத்தேன்.

சடை விழுவது எங்கள் மலையில் லேசான காரியம் இல்லை. ஒருவருடைய முடி தானாகத் திரண்டு கயிறு கயிறாகத் தொங்கினால், அந்தத் தலை அதற்குப் பிறகு அவருடையது அல்ல, மாரியம்மனுடையது. அதில் சீப்புப் படக்கூடாது, கத்தி படவே கூடாது. மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து தங்கள் கஷ்டங்களைச் சொல்வார்கள். ஆறு வயதில் இது கொஞ்சம் அதிகமான உத்தியோகம்தான்.

தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில், வரிசை வீடுகளில் மூன்றாவது லயம். இஸ்தோப்பு என்கிற முன் தாழ்வாரத்தில் ஒரு பலகையில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் முழங்கால்களை விரித்து ஒரு மனிதர். பக்கத்தில் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர். தலையில் பாதி, இரண்டு இரண்டு புரியாக முறுக்கிய சின்னச் சின்னக் கயிறுகள். மறுபாதி இன்னும் முறுக்கப்படாமல், சுருள் மேல் சுருளாக வானத்தைப் பார்த்து நின்றது. ஆத்தா பாதி வேலையில் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

"எலுமிச்சம்பழம் கொண்டாந்தீங்களா?" என்று பிள்ளைதான் முதலில் கேட்டாள்.

"இல்லையேம்மா."

"நல்லதாப் போச்சு. நெறையக் கெடக்கு. அத்தை ஊறுகா போட்டுப் போட்டுக் கை வீங்கிப்போச்சு."

"மாடு எங்க இருக்குன்னு நீதான் சொன்னியாமே?"

"ஆமா. ஸ்கூலுக்குப் பின்னால நின்னுச்சு."

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

பிள்ளை என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "பாத்தேன்."

வதந்தியின் முதற்பாதி அங்கேயே முடிந்தது. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்ததால் உட்கார்ந்தேன்.

பிள்ளை பெயர் நிலக்ஷி. பின்னால் இருந்தவர் அவளுடைய தாய்மாமன் கணேசமூர்த்தி. அவருடைய தங்கை லோஜினி ஒன்பது வருடங்களுக்கு முன் சைப்பிரஸுக்குப் போய் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தாள். அங்கே இமானுவேல் என்பவரைக் கட்டிக்கொண்டதாகப் போன் வந்தபோது வீட்டில் யாரும் பதறவில்லை. இமானுவேல் என்றால் டிக்கோயாப் பக்கத்து வேதக்காரப் பையனாகத்தான் இருப்பான் என்று அவர்களாகவே முடிவுசெய்து, எந்தத் தோட்டம், யார் மகன் என்றெல்லாம் விசாரிக்கவும் தொடங்கிவிட்டார்கள். கல்யாணப் படம் வந்த பிறகுதான் மாப்பிள்ளையின் ஊர் ஆப்பிரிக்காவிலுள்ள கானா என்று தெரிந்தது. லயம் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "பல்லு நல்ல வரிசை" என்று ஒரு குரல் எழுந்தது. அத்தோடு சம்பந்தம் உறுதியானது.

நிலக்ஷி பிறந்து ஐந்தாவது வயதில், அங்கே தங்குவதற்கான காகிதங்கள் இழுபறியானபோது, பிள்ளையை மட்டும் மாமனிடம் அனுப்பினார்கள். அந்தப் பயணமும் இரண்டு முறை நின்றது. இரண்டாம் முறை நின்ற அன்று கணேசமூர்த்தி தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் வாய்விட்டுச் சொன்னார்: "புள்ள பத்திரமா வந்து சேந்தா, தேர்த் திருவிழாவுல என் மடியில ஒக்கார வச்சு, அது தலைமுடிய ஒனக்கு எறக்குறேன் ஆத்தா." கேட்பதற்கு அங்கே பூசாரி அழகனும், பூப்போட வந்த காளியாயியும் இருந்தார்கள். காளியாயி ஒன்றைக் கேட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அறிவித்த மாதிரி.

பிள்ளை பத்திரமாக வந்தாள். ஆனால் திருவிழா அதற்கு முந்தின மாதமே முடிந்திருந்தது. ஆத்தா பதினொரு மாதம் தவணை கொடுத்தாள். வினையே அதில்தான்.

முதல் ஞாயிறு கணேசமூர்த்தி தன் குடும்பத்துத் தலைகளுக்குச் செய்வதையே இந்தத் தலைக்கும் செய்தார். காய்ந்த முடியில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, பேன்சீப்பை உச்சியில் வைத்துக் கீழே இழுத்தார். சீப்பு உடைந்தது. பிள்ளை போட்ட சத்தத்தில் கீழ்லயம் வரை வெளியே வந்தது. வட்டகொடைக் குளிரில் எண்ணெய் மெழுகாக உறைந்து சுருள்களுக்குள் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. காளியாயி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "பூரா ஈருதான், தம்பி" என்று தீர்ப்புச் சொன்னாள். மறுநாள் பெரட்டில் அதுதான் செய்தி.

"அப்ப எனக்கு என்ன நெனப்பு தெரியுங்களா சேர்?" என்றார் கணேசமூர்த்தி. "திருவிழா சீக்கிரம் வந்துடாதா, மொட்டைய அடிச்சு நிம்மதியா இருக்கலாமேன்னு."

"அது எனக்குத் தெரியாது" என்றாள் நிலக்ஷி.

"இப்ப தெரிஞ்சிருச்சில்ல. ஆடாம இரு."

லோஜினியிடம் கேட்டால், அங்கேயும் பிள்ளையின் தலைக்கு எல்லாம் செய்தது இமானுவேல்தான் என்றாள். நான்கு தங்கைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். தண்ணீர் விழும் பீலிக்கரைப் பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும். ஞாயிறு தோறும் அங்கிருந்து வீடியோ அழைப்பு. அந்தப் பக்கம் இமானுவேல் தான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில், தரை துடைக்கும் நூல்துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி, அதில் முறுக்கிக் காட்டினார். இந்தப் பக்கம் கணேசமூர்த்தி பிள்ளைத் தலையில் முறுக்கினார். ஒருவருக்கு இங்கிலீஷ், மற்றவருக்குத் தமிழும் சிங்களமும். லோஜினி வேலையில் இருக்கும் நாட்களில் இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். இமானுவேல் மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டார்: தண்ணி, மெதுவா, போதும். ஒரு தலையைப் பராமரிக்க அவ்வளவு தமிழே தாராளம்.

நான் வருமுன் நடந்ததாக அவர் சொன்னதையும் சேர்த்து, அந்த ஞாயிறு நடந்தது இது. முதலில் கணேசமூர்த்தி தண்ணீர் தெளித்து முடியை முழுக்க நனைத்தார். நாலு பாகமாகப் பிரித்து மூன்றைக் கட்டி ஒதுக்கினார். செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பைத் தடவி, விரலாலேயே சிக்கெடுத்தார். நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே. உச்சியிலிருந்து இழுப்பது முதல் ஞாயிறோடு முடிந்தது. பிறகு அகலப் பல் சீப்பு. கடையில் வாங்கிய மூன்றும் உடைந்ததால், செடி தறிக்கும் கவ்வாத்தில் கிடைத்த பழைய தேயிலைக் கட்டையைச் சீவி அவரே செய்தது. எண்ணெய் கடைசியில்தான், அதுவும் உள்ளங்கையில் சூடாக்கி. முடிக்குள் போன தண்ணீர் வெளியே போய்விடாமல் எண்ணெய் கதவைச் சாத்த வேண்டுமாம். அதன் பிறகு இரண்டு புரியாகப் பிரித்து முறுக்கு. ஆத்தா போட்டதாக ஹட்டன் நம்பிய சடை, இந்த மனிதர் மூன்று மணி நேரம் முதுகு வலிக்கப் போட்டது.

"இதக் காளியாயி அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் சேர். அப்படின்னா ஒன் வெரல்ல ஆத்தா எறங்கிட்டான்னு, என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிருச்சு."

உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்த மனைவி பூரணி அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "பதினாலு வருசமா என் தலைய ஒரு நாளு பின்னி விட்டிருப்பாரா, கேளுங்க சேர். இதுல, படுக்கையில முடி ஒரசக்கூடாதுன்னு என் கூறைச்சேலையில வேற ஒரு முழம் வெட்டித் தலைக்குக் கட்டியாச்சு."

"நீங்கதான அத்தை வெட்டுனீங்க?" என்றாள் நிலக்ஷி.

"நான் வெட்டாட்டி ஒன் மாமா நடுவுல வெட்டியிருப்பாரு. முந்தானையக் காப்பாத்துனேன்."

பாடசாலையிலும் பிரச்சினை இல்லை. முறுக்குகளை இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டி வெள்ளை ரிப்பன் முடிந்ததும், சட்டம் திருப்தியடைந்துவிட்டது.

ஆத்தாதான் பாக்கி. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. கணேசமூர்த்தி பத்தொன்பது வருடமாகக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு நாளில் இருநூறு தேயிலைச் செடியை மட்டமாகத் தறித்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வீடு திரும்புகிற மனிதர், இந்த ஒரு தலையை நினைத்துச் சோறு இறங்காமல் இருந்தார்.

"முடிதான, திரும்ப வளரும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றேன் நிலக்ஷியிடம். "கவ்வாத்து வெட்டுனா துளிர்க்கிற மாதிரி."

"நான் என்ன தேயிலையா?" என்றாள்.

மாமன் முறுக்கிக்கொண்டிருந்த விரலை நிறுத்தவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார். "வாக்குக் குடுத்தது நானு. முடி அவளோடது. இத அப்ப யோசிக்கல சேர்."

திருவிழா அன்று மறுபடி போனேன். செய்தி சேகரிக்க என்று ஆசிரியரிடம் சொன்னேன். அன்னதானத்தில் பலாக்காய்க் கறி நன்றாக இருக்கும் என்பதும் உண்மை.

கோயிலுக்குப் பக்கத்துப் பீலியடியில் மொட்டை போட வரிசை. கணேசமூர்த்தி வேட்டி கட்டி, நிலக்ஷியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முறுக்குகளையெல்லாம் உச்சியில் கொண்டையாகக் கூட்டி, சுற்றிலும் கனகாம்பரம் சொருகியிருந்தார். வெட்டப்போகிற முடிக்கு இவ்வளவு அலங்காரம் செய்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. நாவிதர் கத்தியைத் தண்ணீரில் நனைத்தார். அந்த நேரத்தில் காளியாயி குறுக்கே வந்து நின்றாள்.

"சடையில கத்தி வைக்கப் போறீங்களா? ஆத்தா சும்மா விடுவாளா? பூசாரி! என்னப்பா வேடிக்க பாக்கிற?"

"நேந்துக்கிட்டதக் குடுக்காட்டியும் சும்மா விட மாட்டாளே!" என்று வரிசையிலிருந்து ஒருவர். வரிசை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் ஆத்தாவுக்காகவே பேசியது.

பூசாரி அழகன் வியர்த்துப்போனார். கணேசமூர்த்தியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மூர்த்தி, சன்னதியில நிக்கிற. உண்மையச் சொல்லு. இது ஆத்தா போட்டதா, நீ போட்டதா?"

ஆத்தா போட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கத்தி உறைக்குள் போய்விடும், முடி தப்பிவிடும். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தலையில் சீப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பிள்ளை சாமியாகிவிடுவாள்.

"நான் போட்டது பூசாரி."

கொண்டையிலிருந்து ஒரு முறுக்கை இழுத்து, நுனியிலிருந்து இரண்டு புரியையும் பிரித்தார். எல்லோரும் பார்க்க, முடி சுருண்டு விரிந்து, சின்னதாகத் துள்ளி நின்றது. "மூணு மணி நேர வேல. வாரா வாரம் அவுத்துட்டுத் திரும்பப் போடுறேன். ஆத்தா மேல பொய் சொல்ல மாட்டேன். வெட்டணும்னா வெட்டுங்க."

சொன்ன வாய்தான் சொன்னது. கை, பிள்ளையின் தலையை மூடிக்கொண்டிருந்தது.

அழகன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "முடி எறக்குறதுன்னா மொட்டதான்னு இல்ல. பூமுடியும் முடிதான். மூணு எடத்துல நுனியில ஒவ்வொரு நறுக்கு. ஆத்தா ஏத்துக்குவா. கத்தி வேணாம், கத்திரி கொண்டாங்க."

"என்னையக் கேக்கலியே?" என்றாள் நிலக்ஷி.

பூசாரி திகைத்தார். அவருடைய உத்தியோக காலத்தில் மடியிலிருந்து கேள்வி வந்தது அதுதான் முதல் முறை. "கேக்குறேன் தாயி. குடுக்கிறியா?"

நிலக்ஷி யோசித்தாள். "பின்னால ஒண்ணு வெட்டுங்க. தெரியாது." வெட்டினார்கள். "இந்தக் காதுப் பக்கம் ஒண்ணு." அதையும் வெட்டினார்கள். மூன்றாவதற்குக் கத்தரி வந்தபோது, மாமன் மடியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"அது அம்மாவும் அப்பாவும் வந்ததுக்கு அப்புறம்."

"அடியே, ஆத்தாகிட்ட பேரம் பேசுறியா?" என்று பூரணி அதட்டினாள். அதட்டிய வாயில் சிரிப்பு இருந்தது.

"பேரம் இல்ல அத்தை. ரெண்டு குடுத்தாச்சுல்ல?"

அழகன் சன்னதியைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஆட்சேபணை ஏதும் வரவில்லை. "அடுத்த ஆள் வாங்க" என்றார்.

அன்று மாலை ஹட்டனுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. வட்டகொடைப் பிள்ளை ஆத்தாவுக்கே நிபந்தனை போட்டதாம், ஆத்தா தலையாட்டினாளாம். சரிபார்க்க நான் போகவில்லை. பக்கத்திலேயே நின்றவன் என்பதால், நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு தரம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. சைப்பிரஸில் காகிதங்கள் இன்னும் நகரவில்லை. எலுமிச்சம்பழ வரத்து குறைந்ததில் பூரணிக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை, அதே இஸ்தோப்பு, அதே பேசின். வலது நெற்றியோரத்து முறுக்கு ஒன்றின் நுனியில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"அது ஆத்தாவோடது" என்றார் கணேசமூர்த்தி. மூன்றாவது நறுக்கின் நாள் வரும்போது மறந்துபோய் வேறொன்றை வெட்டிவிடக் கூடாதே என்று அடையாளம். வாரம் தவறாமல் அதையும் அவிழ்த்து, நனைத்து, சிக்கெடுத்து, முறுக்கி, அதே நூலைக் கட்டுகிறார். திருவிழா அன்று இருந்ததைவிட இப்போது அது இரண்டு விரற்கடை நீண்டிருக்கிறது.