ஏத்தக்காரர் வெட்டிய ஒயர்

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஏத்தக்காரருக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவரை யாரும் கவனித்ததில்லை என்பதுதான் உண்மை. இருபத்திரண்டு வருஷம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார், ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு கல்யாணம் தேதி வரைக்கும் வந்து கைநழுவிப் போனது. கடைசியில் குன்றின் அடிவாரத்தில் ஒரு கடையைப் பிடித்து சைக்கிள் ரிப்பேர் செய்ய உட்கார்ந்தார். கடையின் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அப்படியாவது குனியட்டுமே என்று அவர் அதைச் சரிசெய்யவில்லை.

கடைக்கு மேலே மாடியறையில் அக்கா இருந்தாள். நான்கு வயது மூத்தவள், அம்மா போன பிறகு அவரை வளர்த்தவளும் அவள்தான். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். நோயாளிகள் எல்லாம் வசதியானவர்கள், குன்றின் மேலே இருந்தார்கள். அக்காவின் முழங்கால்கள் கீழேயே நின்றுவிட்டன. அதனால் ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கினாள்.

முதல் நாளே அது பாதி மேட்டில் மக்கர் செய்தது. மோட்டார் முன்சக்கரத்தில் இருந்தது. மேட்டில் ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் போய்விடும்; முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. அக்கா இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினாள்.

"காசைக் குடுத்து வினையை வாங்கிட்டேன் தம்பி. இத வித்துடு."

"நீ ஒரு வாரம் பொறுக்கா. இத மாடு மாதிரி ஏத்திக் காட்டுறேன்."

ஆலையில் இருபத்திரண்டு வருஷம் யாரும் கேட்காத மூளை அந்த ஒரு வாரத்தில் வேலை செய்தது. மோட்டாரைப் பின்சக்கரத்துக்கு மாற்றினார். கேரியரில் இருந்த பேட்டரியை இறக்கி, பெடலுக்கு மேலே தாழ்வாகக் கட்டினார். பின்னால் பெரிய பல்சக்கரம், முண்டு முண்டான அகல டயர், அதில் காற்றும் கொஞ்சம் குறைவாக. டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு தொல்லைதான் பாக்கி. மேட்டின் நடுவில் நின்றுவிட்டால், பின்னால் உருளாமலிருக்க பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நின்றுவிடும். பிரேக் பிடியில் அதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச், அதிலிருந்து நூல் மாதிரி ஒரு ஒயர். பிரேக்கை விட்டால் மோட்டார் விழிப்பதற்குள் சைக்கிள் நாலடி பின்னால் போகும்.

அவர் அந்த ஒயரை வெட்டினார். இரண்டு முனையிலும் டேப் சுற்றினார். அவ்வளவுதான் வேலை. இப்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கி, பிரேக்கை விட்டால், சைக்கிள் துள்ளிக்கொண்டு ஏறியது.

அக்கா மேலே போய்ச் சேர்ந்து போன் செய்தாள். "ஏத்திடுச்சுடா!" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

சேதி பரவியது. தபால்காரர் வந்தார், தையல்காரர் வந்தார், மேலே இருக்கும் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார். மூன்று மாதத்தில் எட்டுப் பேர். எட்டு சைக்கிளிலும் அதே வேலை, அதே ஒயர். ஊரில் 'ஏத்தக்காரர்' என்ற பெயர் விழுந்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாதது போல் இருப்பார், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

வேலை முடிந்த ஒவ்வொரு சைக்கிளையும் அவரே குன்றின் உச்சி வரை ஓட்டிப் பார்ப்பார். மேலே அதைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, நேர்ப்படிக்கட்டு வழியாகக் கடைக்கு இறங்கிவிடுவார். ஒரு தடவைகூட எதையும் ரோட்டில் கீழே ஓட்டிப் பார்த்ததில்லை. தையல்காரர் ஒருநாள் அதைக் கேட்டபோது சிரித்தார்.

"இறங்குறதுக்கு எதுக்குங்க மெக்கானிக்? தண்ணிகூடத்தான் தானா இறங்குது."

முதலில் குறை சொல்லி வந்தவர் தபால்காரர். மூன்று வாரத்தில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. அப்புறம் தையல்காரர், ஏதோ கருகுகிற நாற்றம் வருகிறது என்று. டீச்சர் சொன்னதுதான் அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

"இறங்கும்போது பின்னாலேருந்து யாரோ தள்ற மாதிரியே இருக்கு ஏத்தக்காரரே."

டீச்சர் போன பிறகு ஏத்தக்காரர், கட்டை மாற்ற விட்டுப்போயிருந்த தபால்காரரின் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினார். சக்கரத்தைச் சுற்றவிட்டு, பயந்தவன் பிடிப்பது போல பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். பிரேக்கை இழுத்த அதே கை, ஆக்சிலேட்டரையும் கொஞ்சம் முறுக்கியது. முறுக்கியது அவருக்கே தெரியவில்லை. சக்கரம் நிற்கவில்லை. கட்டையிலிருந்து மெல்லப் புகை வந்தது. ஒயரை வெட்டாமல் விட்டிருந்தால் அந்த நொடியே மோட்டார் செத்திருக்கும்.

அவர் சட்டென்று கையை எடுத்தார். ஒயரைத் திரும்ப முறுக்கி டேப் சுற்றப் பத்து நிமிஷம் போதும். ஆனால் எட்டுப் பேரையும் கூப்பிட்டு என்ன சொல்வது? மறுபடி மேட்டில் பின்னால் உருள்வார்கள். ஏன் என்று கேட்பார்கள். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து வந்த பெயர் ஒரே வாரத்தில் போய்விடும்.

கடையோரம் நிறுத்தியிருந்த அக்காவின் சைக்கிளைப் பார்த்தார். அதன் பிரேக் கட்டைகள் புத்தம்புதிதாக இருந்தன. மூன்று மாதம் ஓடியும் ஒரு கோடுகூடத் தேயவில்லை. அவருக்கு உயிர் வந்தது. தப்பு ஒயரில் இல்லை, ஓட்டத் தெரியாத இவர்கள் கையில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனுஷனுக்குச் சாதகமான சாட்சி கிடைத்தால் குறுக்கு விசாரணை எல்லாம் செய்யமாட்டான். எட்டுப் பேருக்கும் கெட்டியான கட்டை மாட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பிறகு மழை பிடித்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் குனிந்தார். முழங்கைத் தோல் உரிந்திருந்தது.

"நீங்க போட்ட கெட்டிக் கட்டை இன்னிக்கே காலி. சுவத்துல உரசித்தான் நின்னேன். பொழச்சது பெரிய விஷயம்."

ஏத்தக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு அக்காவின் வேலை முடியும். போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. ரோடு குன்றைச் சுற்றிச் சுற்றிப் போகும், படிக்கட்டு நேர்வழி. நனைந்த படிகளில் இரண்டிரண்டாகத் தாவினார். பாதியில் மூச்சு அடைத்தது. மூன்று மாதம் சாட்சி சொன்ன அந்தப் புதுக் கட்டைகள் கண்முன்னே வந்து நின்றன. மழையில் அவை என்ன ஆகும் என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நோயாளி வீட்டின் சமையலறையில் அக்கா வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளை முழுசாகப் பார்த்ததும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டியது.

"என்னடா இப்படி நனைஞ்சு வந்திருக்கே?"

"அக்கா, இன்னிக்கு அந்த சைக்கிள்ல இறங்காதே."

"நான் என்னிக்குடா அதுல இறங்கினேன்?" என்றாள் அக்கா. "ஏறுறதோட சரி. மூணு மாசமா தள்ளிக்கிட்டுத்தான் கீழ வரேன். முதல் நாள் ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு இறங்கினேன், ரெண்டாவது திருப்பத்துல உயிர் போயிட்டு வந்துச்சு."

அந்தக் கட்டைகள் ஏன் தேயவில்லை என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"ஏன்கா சொல்லல?"

அக்கா பையின் மூடியைத் திருகினாள். "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்ததை நான் பார்த்ததே இல்லடா. எப்படிச் சொல்ல?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். சுவரோரம் காலியாக இருந்தது.

"சைக்கிள் எங்கக்கா?"

"இந்த வீட்டு மருமக எடுத்துட்டுப் போனா. பெரியவருக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு. மழையா இருக்கு, தள்ளிட்டுப் போம்மான்னு சொன்னேன்..." அக்காவின் குரல் பாதியில் நின்றது. தம்பியின் முகத்தை அவள் ஐம்பது வருஷமாகப் படித்தவள்.

இந்தத் தடவை அவர் ரோடு வழியாக இறங்கி ஓடினார். முதல் திருப்பத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது திருப்பத்தில் தடுப்புச் சுவரோடு ஒட்டிச் சைக்கிள் மடங்கிக் கிடந்தது. பின்சக்கரம் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டர் சுவரில் சிக்கி முறுக்கியபடியே நின்றிருந்தது. பக்கத்தில் அந்தப் பெண் சாய்ந்து கிடந்தாள். வலது கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது.

"பிரேக் புடிச்சேண்ணா," என்றாள். "விடவே இல்ல. புடிச்சுக்கிட்டேதான் வந்தேன்."

அவள் தன் மேல் தப்பில்லை என்று அவரிடம் கெஞ்சுவது போலச் சொன்னாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

பின்னாலேயே வந்த அக்கா சேலையைக் கிழித்துக் காலைக் கட்டினாள், ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். கீழே எங்கோ மணி நான்கு அடித்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கடைகளில் ஆள் மாறுகிற நேரம்; மேலே வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் இறங்குவார்கள். போன் போட்டுத் தடுக்கலாம் என்றால், எல்லாருடைய நம்பரும் கீழே கடை நோட்டில் கிடந்தது.

ஏத்தக்காரர் எழுந்து போய் ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றார். மழைக்கோட்டோடு டீச்சரின் சைக்கிள் திருப்பத்தில் தெரிந்தது. டீச்சர் இரண்டு காலையும் தரையில் தேய்த்து, கடைசியில் ஏத்தக்காரரின் நெஞ்சில் மோதி நின்றார்.

"என்ன ஏத்தக்காரரே, வழியை மறிச்சுக்கிட்டு?"

"இறங்குங்க டீச்சர். தள்ளிட்டுப் போங்க. பின்னாலேருந்து உங்களைத் தள்ளினது நான்தான். பிரேக் ஒயரை நான்தான் வெட்டினேன். தெரிஞ்ச பிறகும் சொல்லல."

டீச்சர் சுவரோரம் கிடந்தவளைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

இன்னும் ஆறு பேர் மேலே இருந்தார்கள். மழை விடவில்லை. அவர் கையை விரித்தபடியே நின்றார்.