பலகையில் ஊர் இருக்கிறது, பஸ் போவதில்லை

போன வருடம் எங்கள் கல்லூரிக் குழு முல்லைத்தீவுக் கடற்கரையில் குப்பை பொறுக்கியது. எல்லோருக்கும் ஒரே நிற ரீசேட், ஒரு பதாகை, நிறையப் படங்கள். இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தேன், அதே இடத்தில் புதுக் குப்பை. எனக்கு இப்படியான வேலை ஒத்துவராது. நான் படிப்பது மின் தொழில்நுட்பம். பழுது எங்கே என்று பார்க்காமல் கருவியைத் தூக்குகிறவனை எங்கள் பட்டறையில் யாரும் மதிப்பதில்லை. அதனால் இந்தமுறை தொண்டு செய்யப் போகவில்லை, எங்கே என்ன தேவை என்று பார்க்க மட்டும் போனோம். நானும் என்னோடு படிக்கும் டிலானியும். ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை.

கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை 150 ரூபாய். அங்கே மல்லாவி பஸ்ஸில் ஏறினோம். முன்கண்ணாடிப் பலகையில் நாங்கள் போகவேண்டிய ஊரின் பெயரும் இருந்தது. குளத்தை நம்பி வயல் செய்கிற குடியேற்றத் திட்டக் கிராமம் அது. (பெயர் போடவில்லை. ஊர்ச்சனம் பஸ்காரரோடு இப்போதுதான் நல்லபடியாக இருக்கிறார்கள்.) ஆனால் சந்தியில் நடத்துனர் எங்களை இறக்கிவிட்டார். உள்ளே நான்கு கிலோமீற்றர் நடை, வழியில் நிழலே கிடையாது. பலகையில் எழுதியிருக்கிற ஊருக்கு ஏன் பஸ் போகவில்லை? அந்தக் கேள்வி வழி முழுக்க என்னை அரித்தது. பஸ்ஸின் பின்பக்கத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அதிபர் எங்களைக் கண்டதும் சுவரைக் காட்டினார்.

“பெயின்ற் அடிக்கத்தானே வந்தனீங்கள்? நீலம் மட்டும் வேண்டாம் தம்பி. முந்தி வந்த ரெண்டு குறூப்பும் நீலந்தான்.”

பெயின்ற் இல்லை, விசாரிக்கத்தான் வந்தோம் என்றோம். அவருக்கு நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு கடை. அங்கே சிவமலர் என்றொரு அக்கா கடைக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மறுநாள் விடியத் தன்னை மோட்டார் சைக்கிளில் சந்தியில் விட ஆள் வேண்டும். மாங்குளத்தில் கிட்னி கிளினிக். போன மாதம் போக முடியாமல் போய்விட்டது, வீட்டில் இருந்த குளிசை மருந்தும் முடிந்துவிட்டது. கால் வீங்கியிருந்ததால் நடக்கவும் முடியாது.

“ஒரு மோட்டார் சைக்கிள் தந்தா நான் கொண்டுபோய் விடுறன் அக்கா” என்றேன்.

“நாளைக்கு நீர் விடுவீர். வாற மாசம் ஆர் விடுறது?”

நான் பஸ்ஸில் படம் எடுத்திருந்த இலக்கத்துக்குப் போன் போட்டேன், ஒலிபெருக்கியில். சாரதிதான் எடுத்தார். ஏன் உள்ளே வருவதில்லை என்று நேரடியாகவே கேட்டேன்.

“வந்தனான் தம்பி. மாசக்கணக்கா வந்தனான். ஒரு சனம் நிக்கேல்லை.”

அக்கா போனைப் பிடுங்கினா. “என்ன அண்ணை கதை இது? உங்களைப் பாத்து நிண்டு நிண்டு எனக்குக் கால் மரத்துப் போச்சு!”

“நான் உங்களை நம்பி வந்து டீசல் முடிஞ்சுது அக்கா!”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பழுது விளங்கிவிட்டது. பஸ் வராததால் ஆட்கள் நிற்பதில்லை. ஆட்கள் நிற்காததால் பஸ் வருவதில்லை. இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தின் சிக்னலுக்குக் காத்திருக்கிறது. எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை.

டிலானி என்னைவிடப் பேரம் தெரிந்தவள். “எத்தினை பேர் நிண்டா வருவீங்கள் அண்ணை?”

“ஆறு பேர் நிக்கட்டும். ஆறேகாலுக்கு வாறன்.”

பின்னேரம் முழுக்க வீடு வீடாகப் போனோம். “உங்களைப்போல ஆக்கள் முந்தியும் வந்து விசாரிச்சுக்கொண்டு போனவை” என்று ஒருவர் கேற்றைத் திறக்காமலே சொன்னார். ஆனாலும் எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள். இரவு அக்கா வீட்டிலேயே தங்கினோம். எனக்கு விறாந்தை கிடைத்தது, நுளம்புக் கடியோடு.

காலையில் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தது அக்காவோடு சேர்த்து நான்கு பேர். ஆறேகால் தாண்டியது. அக்கா கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. ஆறரைக்குப் பஸ் வந்தது. சாரதி தலையை வெளியே நீட்டி எண்ணினார்.

“ஆறு எண்டுதானே கதை?”

“எங்கள் ரெண்டு பேரையும் சேருங்கோ” என்றேன்.

“நீங்கள் வாற கிழமையும் நிப்பியளோ?”

அக்காதான் எழும்பினா. “அவை நிக்க மாட்டினம். நான் நிப்பன். நீங்கள் வந்தாத்தானே மற்றச் சனம் வீட்டை விட்டு வெளிக்கிடும்?”

சாரதி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, “ஏறுங்கோ, ஏறுங்கோ. அங்க கிளினிக்கிலை நம்பர்த் துண்டு குடுத்து முடிச்சிடுவாங்கள்.”

பஸ் புறப்பட்டதும் ஹோனை அழுத்திப் பிடித்தார், விடவேயில்லை. எனக்குக் காது வலித்தது. இரண்டாவது வளைவில் ஒரு பெடிச்சி புத்தகப் பையோடு ஓடிவந்தாள். பிறகு தலை வாராத ஒருவர், சேட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு. நேற்றுக் கேற்றைத் திறக்காத அதே ஆள். “மெய்யாவே வந்திட்டியள்!” என்று சாரதியிடம் சொல்லிக்கொண்டு ஏறினார். சந்திக்கு வரும்போது என்னையும் டிலானியையும் விட்டுவிட்டு ஒன்பது பேர். எட்டு மணிக்கு முன்பே அக்கா கிளினிக் வரிசையில் இருந்தா.

இப்போது எங்கள் குழுவின் தொண்டு வேலை, ஒவ்வொரு திங்களும் பின்னேரம் ஊருக்குள் நான்கு அழைப்பு, மறுநாள் பஸ்ஸுக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேட்க; அந்தக் கணக்கைச் சொல்லச் சாரதிக்கு ஒன்று. விரிவுரையாளர் படம் கேட்டார். போன் பேசுகிற படமா அனுப்புவது?

நீங்களும் இப்படித் தேடிப் போவதாக இருந்தால்: இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். பொதுப் பஸ்ஸில் போங்கள், சொந்த வாகனத்தில் போயிருந்தால் எங்களுக்கு இந்தப் பழுதே தெரிந்திருக்காது. தண்ணீர், தொப்பி கட்டாயம். பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பெயின்ற் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முக்கியமாக, நீங்கள் திரும்பிப் போன பிறகும் நடக்கக்கூடிய வேலையா என்று கேளுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

அடுத்த மாதக் கிளினிக்குக்கு முதல்நாள் வழக்கம்போல அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“ஓம் தம்பி, அந்தப் பஸ் அண்ணை மத்தியானமே எடுத்துக் கேட்டவர். ஏழு பேர் எண்டு சொல்லிப்போட்டன். நீர் ஏன் சும்மா காசைக் கரைக்கிறீர்? வையும்.”

வைத்துவிட்டேன்.