வேகத்தடையில் இறங்கும் அம்மா

கார் தரையை ஒட்டினாற்போல் நின்றால் எடுப்பாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். குட்டையான புது ஸ்பிரிங் மாட்ட வேண்டும் என்றார்கள் திண்டுக்கல் பட்டறையில். இதற்கெல்லாம் பட்டறை எதற்கு என்று, மன்னவனூரில் வீட்டு வாசலிலேயே, காரில் இருந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி, இரும்பு வெட்டும் கிரைண்டரால் குட்டையாக அறுத்து மாட்டினேன். நின்றிருக்கும்வரை கார் அழகாகத்தான் இருந்தது.

அம்மாவை முட்டிவலிக்குக் காட்ட, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். முதல் வேகத்தடையிலேயே காரின் அடிப்பாகம் தட்டி நின்றுவிட்டது.

"நான் எறங்கிக்கிறேம்ப்பா. கனம் கொறைஞ்சா ஏறிரும்" என்று அம்மா கதவைத் திறந்தாள்.

கார் தாண்டியது. அவள் நொண்டிக்கொண்டே வந்து ஏறினாள். அடுத்தடுத்த வேகத்தடைகளில் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை; காரை நிறுத்தினால் போதும், இறங்கிவிடுவாள். ஒருமுறைகூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தியத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்த முட்டியைத்தான் மடக்கி நீட்ட வைத்தேன்.

மறுவாரமே அதே பட்டறையில் பழைய உயரத்துக்குப் புது ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மாவிடமும் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த முதல் வேகத்தடையில் கார் எதிலும் இடிக்காமல் ஏறி இறங்கியது. சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை கதவுப்பிடியில் இருந்தது.