பணிய லயத்துக் கானு வௌவால்

ஆராய்ச்சியில் நான் செய்த மிகப் பெரிய தவறு ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதியது. அதைத் தவறென்று முழு மனதோடு ஒப்புக்கொள்ள இன்றைக்கும் எனக்கு வாய் வராது.

அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். விடுமுறைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே, ரோட்டுக்கடியில் போகும் கானுக்குள் ஒரு வௌவால் செத்துக் கிடந்தது. கானு என்று நாங்கள் சொல்வது வடிகாலை. இது வெள்ளைக்காரன் காலத்துக் கல்கட்டு, ஆள் குனிந்து உள்ளே போகலாம். வௌவாலின் மூக்கில் குதிரை லாடம் மாதிரி ஒரு தோல் மடிப்பு. படிப்புக்கு உதவுமென்று அதை ஸ்பிரிட் போத்தலில் போட்டு, கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுதிக் காலில் கட்டினேன்: மொட்டப்பாறைத் தோட்டம், பணிய லயம், கானு. தபாலுக்கே போதாத விலாசம் விஞ்ஞானத்துக்குப் போதுமென்று நினைத்த வயது.

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பெயர். வரைபடத்திலும் பெயர்ப்பலகையிலும் இருப்பது ஸ்கொட்லாந்தில் எங்கேயோ உள்ள ஓர் ஊரின் பெயர். நாங்கள் புழங்குவது மொட்டப்பாறை. பொகவந்தலாவை பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொன்னால் சரியாக இறக்கிவிடுவார்கள். அரசாங்கக் கந்தோரில் சொன்னால் முழிப்பார்கள். பள்ளத்தில் இருப்பதால் எங்களுடையது பணிய லயம். அதற்கென்று ஒரு முகவரி கிடையாது. கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசில் ஒரே கட்டாகக் கிடக்கும். என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் அங்கேதான் பன்னிரண்டு நாள் கிடந்தது. பதிவுக்குக் கடைசி நாளுக்கு முதல் நாள், அம்மா கொழுந்துக்கூடையோடு ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டு வாங்கி வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு வௌவால் மண்டையோடுகளை அளப்பதே என் வேலையாயிற்று. எங்கள் மலை வௌவாலை இந்தியாவில் உள்ள இனத்தின் ஒரு கிளை என்றுதான் நூல்கள் சொல்லிவந்தன. தலைமுறைகளாக இந்த மலையில் வாழும் எங்களையும் இந்தியத் தமிழர் என்றுதானே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அளந்து பார்த்தால் கதை வேறு. இதன் மண்டை ஒடுங்கியது, கடைவாய்ப் பல் சிறியது, மூக்கு மடிப்பின் வடிவமும் வேறு. இது இந்தத் தீவின் தனி இனம். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

புதிய இனமென்று அறிவிக்க ஓர் உடலைச் சாட்சியாக வைக்க வேண்டும். இனி வருகிற எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். என்னிடமும் என் பேராசிரியையிடமும் இருந்தவற்றில் முழு மண்டையோடு உள்ளது என் கானு வௌவால் மட்டும்தான். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். அதன் வெளிநாட்டு ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது: இப்படி ஓர் இடம் எந்த வரைபடத்திலும் இல்லை, இடத்தை நிரூபிக்காவிட்டால் இந்தச் சாட்சியை ஏற்க முடியாது. ஏற்காவிட்டால் வௌவால் மறுபடியும் இந்தியக் கிளைதான்.

என் பேராசிரியை சிங்களப் பெண்மணி, நிதானமானவர். என்னைத் திட்டவில்லை. "வா, போய்ப் பார்ப்போம்" என்றார்.

வௌவால் பிடிப்பதற்கான அனுமதிக் கடிதங்களோடு, இடத்தை உறுதிசெய்ய முதலில் தோட்ட ஆபீசுக்குப் போனோம். கிளாக்கர் வரைபடத்தை விரித்து விரலால் தேடினார்.

"பணிய லயமுன்னு மெப்புல ஒண்ணும் இல்லீங்களே மிஸ். லயத்து நம்பரு தெரியுங்களா?"

இதைச் சொன்னவர் பிறந்ததே பணிய லயத்தில்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேராசிரியைதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

வெளியே யாருக்கும் வரைபடம் தேவைப்படவில்லை. ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, பேராசிரியை கேட்டதும் கை வேலையை நிறுத்தாமலே வழி சொன்னார்.

"பணிய லயத்துக் கானுங்களா? நேரா எறங்குங்க. வாய்க்கிட்ட பெரிய கல்லு கெடக்கும். வவ்வாலு இன்னும் இருக்குதுங்க, நாத்தமே கூட்டிட்டுப் போயிரும்."

கல்லும் இருந்தது, நாற்றமும் இருந்தது. கானு வாயில் வலையைப் பிடித்தோம். சிக்கிய ஒன்றின் முன்கையையும் மூக்கு மடிப்பையும் நான் அளந்தேன். வேலை முடிந்து வந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்து இதோட கையவா அளக்குறீங்க?"

அளவுகள் போத்தலில் இருந்ததோடு அப்படியே பொருந்தின. பேராசிரியை போனில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்துகொண்டார். வௌவாலை விட்டுவிட்டோம்.

இனத்துக்கு, மலையில் வாழ்வது என்று பொருள்படும் இலத்தீன் பெயரைப் பேராசிரியை சூட்டினார். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எங்கள் நிரூபணத்தை ஏற்றுக்கொண்ட இதழாசிரியர், இடத்துக்கு இனி அதிகாரப் பெயரே போதுமே என்று எழுதியபோது விடவில்லை. சீட்டில் உள்ளது உள்ளபடி முதலில் வர வேண்டும், ஸ்கொட்லாந்து ஊர் அதற்குப் பின்னால் வரட்டும் என்று பதில் எழுதினேன். பேராசிரியையும் கையெழுத்துப் போட்டார். அப்படியே அச்சாயிற்று.

கட்டுரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இடத்தின் பெயர் இருந்த வரியைத் தொட்டுக் காட்டித் தமிழில் வாசித்தேன்.

"அப்ப இந்தக் காயிதத்தப் பாத்து யாரு வேணும்னாலும் நேரா நம்ம கானுக்கு வந்துருவாங்களா?"

"வந்துருவாங்கம்மா. எந்த நாட்டுலருந்தும் வரலாம்."

அம்மா தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"வவ்வாலுக்கு அட்ரஸ் போட்டுட்ட. இனி கானுக்கு மேல இருக்குற நமக்குப் போடு, புள்ள."