இரண்டாவது மாடியில் அண்ணியின் வீடு

வீடு வாங்க நினைக்கிறவர்கள் முதலில் என் அண்ணியைத்தான் தேடி வருவார்கள். தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டே அவள் பதில் சொல்வாள். கையில் எவ்வளவு இருக்கணும்? வட்டி ஏறினால் என்ன செய்வது? வாடகையை வைத்தே தவணையைக் கட்டிவிட முடியுமா? ஆள்தான் மாறும், கேள்வி மாறாது.

"வாடகையை நம்பிக் கழுத்து வரைக்கும் கடன் வாங்காதீங்க. குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டா யார் கட்டுவா? அதுக்குன்னு கொஞ்சம் தனியா எடுத்து வைங்க. தலையே போனாலும் அதுல கை வைக்காதீங்க."

இவ்வளவு பேசுகிறவள் குடியிருந்தது ஓர் அச்சகத்துக்கு மேலே, ஒற்றை அறையில். கீழே இயந்திரம் ஓடினால் மேலே பாத்திரமெல்லாம் ஆடும். சொந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அந்த வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும். கடன் தீர்ந்ததும் குடிபோவது என்று அவளும் அண்ணனும் முடிவு செய்திருந்தார்கள்.

அதுவரை வீட்டைப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே வழி, அங்கே ஏதாவது கெட்டுப்போவதுதான். 'குழாய் ஒழுகுதுங்க' என்று போன் வந்தால் மற்ற வீட்டுக்காரர்களுக்கு எரிச்சல் வரும். இவளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு! கடைக்கு லீவு போட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, குழாய் ரிப்பேர்காரருக்கு முன்னால் போய் நிற்பாள். வேலை முடிந்து அவர் பையைத் தூக்கினால், "அந்தக் குழாயையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்பாள். அந்தக் குழாயில் ஒன்றும் இருக்காது. குடித்தனக்காரப் பெண் நாற்காலி போடுவாள். அண்ணி தன் வீட்டிலேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவாள்.

"சொந்த வீட்டுக்கு விருந்தாளியாப் போற ஒரே ஆள் நீங்கதான் அண்ணி" என்று நான் கிண்டல் செய்வேன்.

"சிரி, சிரி. சமையலறை ஜன்னல்ல காலை வெயில் எப்படி விழுது தெரியுமா? அங்க நின்னு ஒரு நாள் சமைக்கணும்டி. அப்புறம் நீ என்ன வேணா சொல்லு."

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தெரிந்தேதான் வாங்கினாள். "லிஃப்ட் இருந்தா மாசாமாசம் பராமரிப்புன்னு உருவிடுவாங்க. வாடகையில கையில நிக்கறதுதான் நமக்கு" என்றாள். நாங்கள் எல்லோரும் மண்டையை மண்டையை ஆட்டினோம். இத்தனை வருடம் கழித்து அந்தப் படியில் ஏறப்போவது யார் என்று எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அண்ணனுக்குப் பள்ளி வேன் ஓட்டும் வேலை. கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து மிதித்து, கடைசித் தவணை கட்டும்போது அவன் முட்டி இரண்டும் போயிருந்தன. படியே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனா கேட்பான்? "ரெண்டு மாடிதானே, ஏறிடுவேன்" என்றான். குடித்தனக்காரர்களும் காலி செய்துவிட்டார்கள். அண்ணி வெள்ளையடித்து, தரையைத் தேய்த்து, முந்தின நாளே அடுப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முதல் மாடி வரை ஏறினான். அங்கே படியில் உட்கார்ந்தவன்தான். இரண்டு தடவை எழுந்து பார்த்தான். முகம் வெளிறி, சட்டை நனைந்துவிட்டது.

"நீ போய்ச் சமைம்மா. நான் மெதுவா வரேன்" என்றான்.

அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேலே போனாள். சோறும் குழம்பும் ஆனதும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். படியிலேயே மூன்று தட்டு வைத்தாள்.

"உப்பு சரியா இருக்காங்க?"

"இருக்கு" என்ற அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நானும்தான்.

"வித்துட்டுக் கீழ்வீடா ஒண்ணு வாங்கிடலாமே அண்ணி" என்றேன்.

"அதை மட்டும் சொல்லாத. இதைத் திரும்ப வாடகைக்கு விட்டுட்டு, அந்தப் பணத்துலயே நாம ஒரு கீழ்வீட்டுக்குக் குடிபோயிக்கலாம்."

"நீயாவது மேல இருந்துக்கோயேன்" என்றான் அண்ணன்.

"நீங்க இல்லாம எனக்கு அங்க என்ன வேலை?"

தட்டைக்கூடக் கழுவவில்லை, வீட்டுத் தரகருக்குப் போன் போட்டாள். அவரிடம் வாடகை வீடு கேட்டு ஒரு ஜோடி காத்திருந்ததாம், கையோடு அனுப்பிவிட்டார். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும் போல, பேசிச் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். நாங்கள் பாத்திரத்தை நகர்த்தி வழிவிட்டோம். அந்தப் பெண் நின்று எங்களைப் பார்த்தாள்.

"நீங்களும் வீடு பாக்க வந்தீங்களா?"

"ஆமாம்மா" என்றாள் அண்ணி. "ரொம்பப் புடிச்சிருந்தது. எங்களுக்குக் கொடுத்து வைக்கல. கதவு திறந்துதான் இருக்கு, போய்ப் பாருங்க."